ரெக்கார்டில் நாலு வயது

போன மாதம் கோயமுத்தூரில் படிக்கும் ஒரு பெண் எனக்குக் கடிதம் போட்டிருந்தாள். குழந்தை வளர்ச்சி உளவியலில் முதுகலை முடிக்கப் போகிறாளாம். கேள்வி ஒன்றே ஒன்று: கல்லூரியில் பாடம் நடத்துவதைத் தவிர இந்தப் படிப்புக்கு வேறு என்னென்ன வேலை இருக்கிறது? ஒரு பட்டியல் போட்டு அனுப்பினால் வகுப்பில் எல்லோருக்கும் உதவும் என்று எழுதி, தபால்தலை ஒட்டிய உறையையும் உள்ளே வைத்திருந்தாள். கெட்டிக்காரிதான்.

பட்டியல் போட உட்கார்ந்தேன். எரிச்சல்தான் வந்தது. என்னோடு படித்த ஒருத்தி பொம்மைக் கம்பெனியில் சேர்ந்தாள். மூன்று வயதுக் குழந்தையின் விரல் எதைப் பிடிக்கும், எதை விடும் என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தாள். முதலாளி கேட்டதெல்லாம் சிவப்பு நல்லா ஓடுமா, மஞ்சள் நல்லா ஓடுமா என்பதுதான். இன்னொருத்தி சிறுவர் நீதிமன்றத்துக்குப் போனாள். ஒவ்வொரு கோப்பிலும் ‘பார்த்தேன்’ என்று கையெழுத்துப் போடுவது அவள் வேலை. மூன்றாமவள் பால்மாவுக்கு விளம்பரம் எழுதப் போய், எங்கள் எல்லோருக்கும் முன்னால் சொந்த வீடு கட்டினாள். நான் ஏற்காட்டுக்கு வந்தேன்.

எழுபதுகளின் நடுவில் அது. காப்பித் தோட்டங்களில் பெண்கள் வேலை செய்தால் அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நிர்வாகம் ஒரு காப்பகம் நடத்த வேண்டும். எஸ்டேட்டில் எல்லோரும் அதைக் கிரச் என்பார்கள். மஞ்சக்குட்டைப் பக்கம் இருந்த எங்கள் எஸ்டேட்டில் (பெயர் வேண்டாம்) கிரச்சுக்குப் படித்த மேற்பார்வையாளர் வேண்டும் என்று யாரோ மேலிடத்தில் ஆசைப்பட்டார்கள். அந்த ஆசைக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். ஏற்காடு கடைத்தெருவில் வாடகைக்கு அறை கேட்கப் போனபோது, சேலத்திலிருந்து வந்து மளிகைக் கடை வைத்திருந்தவர் என்ன படிப்பு என்று விசாரித்தார். சொன்னேன். “மனசு டாக்டருங்களா? எம் மச்சான் ஒருத்தன் இருக்கானுங்க, கூட்டியாரட்டுங்களா?” என்றார். குழந்தைகளுக்கு மட்டும்தான் என்றேன். “அவனும் கொழந்தையாட்டந்தானுங்க” என்றார். அடுத்த இருபது வருஷமும் என் படிப்புக்கு இந்த மரியாதைதான்.

படித்த இரண்டு வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இத்தனையாவது மாதத்தில் குழந்தை இதைச் செய்யும், இத்தனையாவது மாதத்தில் இதைச் சொல்லும் என்று எங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். குழந்தையின் வயது நமக்குத் தெரியாமல் போகும் என்று மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

என் மேலதிகாரி வெல்ஃபேர் ஆபீசர் பொன்னுரங்கம். இவரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் எதையும் நிதானமாகவே செய்வார். சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டருக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். காப்பித் தோட்டத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு டீதான் குடிப்பார். நாம் கொடுக்கும் தாளை மேசைமேல் வைத்து, ஸ்கேலை முதல் வரிக்கு அடியில் வைத்து வாசிப்பார். பிறகு ஸ்கேல் ஒரு வரி கீழே இறங்கும். அது கடைசி வரிக்கு வந்து சேரும்வரை நாம் நின்றுகொண்டிருக்க வேண்டும். எதிரே நாற்காலி உண்டு, அதன்மேல் எப்போதும் கோப்புகள் இருக்கும். வாசித்து முடித்ததும், “ஏனுங்க மேடம், ரெக்கார்டு என்ன சொல்லுது?” என்பார். நம் கண் என்ன சொல்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்குக் கோபமே வராது. கோபம் வராத மனிதரிடம் வேலை பார்ப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது. நம் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கிரச்சின் நடைமுறை இது. காலை ஏழு மணிக்குத் தாய்மார்கள் குழந்தைகளை விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். பொன்னுரங்கம் எழுதி வைத்திருந்த நீளமான பேரேட்டைப் பார்த்து நான் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவேன். அலமேலு என்ற ஆயா கைகால் கழுவிப் பால் கொடுப்பாள். கீழே சமவெளியிலிருந்து புதிதாக வந்தவள், பொறுமைசாலி. எல்லாக் குழந்தைக்கும் அவளிடம் ஒரே பெயர்தான்: சாமி. திங்கட்கிழமை எடை பார்ப்போம். பேரேட்டில் நாலு வயது முடிந்தவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்னுடைய சோதனை. பாயில் குழந்தையை உட்கார வைத்து மரக்கட்டைகளை அடுக்கச் சொல்வேன், மணி கோக்கச் சொல்வேன், வட்டம் போடச் சொல்வேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பேன். தாய் பக்கத்தில் இருக்கக்கூடாது, இருந்தால் குழந்தை அவள் முகத்தைப் பார்த்தே செய்யும் என்பது எங்களுக்குக் கற்றுக்கொடுத்த விதி. அந்த விதியை நான் மிகவும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்றாவது வருஷம், பழம் பறிப்பு மும்முரமாக இருந்த நேரத்தில், செல்வி என்ற குழந்தையைச் சோதித்தேன். பேரேட்டுப்படி அவளுக்கு அந்த மார்கழியில் நாலு வயது முடிந்திருந்தது. அம்மா சின்னப்பொண்ணு, கரடியூர்க்காரி, பழம் பறிப்பில் கை வேகமானவள். அதிகம் பேசமாட்டாள். குழந்தை எட்டுக் கட்டை அடுக்கினாள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் சிரித்தாள். வட்டம் போடச் சொன்னால் கோடு இழுத்தாள். இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசினாள், அவ்வளவுதான். “செல்வி” என்று நாலு தடவை கூப்பிட்டேன், திரும்பவில்லை. ‘தன் பெயருக்குத் திரும்புவதில்லை’ என்று எழுதி அடியில் கோடும் போட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு வயதுக் குழந்தை இரண்டரை வயதுக் காரியங்களைச் செய்கிறாள். ‘மனவளர்ச்சி குன்றியவள், தனிக் கவனிப்பு தேவை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பொன்னுரங்கத்தின் ஸ்கேல் அந்தத் தாளில் ஒரே ஒருமுறைதான் நின்றது, என் கையெழுத்துக்கு அடியில். கீழே சமவெளியில் இப்படிப்பட்ட குழந்தைகளைத் தங்க வைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்று இருந்தது. அவரே எழுதிப் போட்டு இடம் வாங்கிவிட்டார். தை பிறந்ததும் வருகிற திங்கட்கிழமை எஸ்டேட் ஜீப்பில் குழந்தையை அனுப்புவதாக ஏற்பாடு. சின்னப்பொண்ணுவைக் கூப்பிட்டு, “புள்ளைக்கு அறிவு கொஞ்சம் கம்மிங்களாம்மா. அங்க நல்லாப் பாத்துக்குவாங்க” என்று அவரே சொன்னார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவளும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை குழந்தைக்கு லேசாகக் காய்ச்சல். எதையாவது வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே இருந்தாள். என்னுடைய மரக்கட்டைகளில் ஒன்றைக் குதறி வைத்திருந்தாள்.

“ஏனுங்க டீச்சர், சாமிக்குக் கடவாப் பல்லு மொளைக்குதாட்டம் இருக்குதுங்க. வாயெல்லாம் எச்சி” என்றாள் அலமேலு.

“நாலு வயசுக்கு என்ன பல் முளைக்கும்? எல்லாம் எப்பவோ முளைச்சிருக்கும்” என்று சொல்லிக்கொண்டே அவள் வாயில் விரலை விட்டேன். கடைசிப் பால்பல் ஈறைக் கிழித்துக்கொண்டு அப்போதுதான் எட்டிப் பார்த்தது. நாலு பக்கமும் பார்த்தேன். இரண்டு வந்திருந்தன, இரண்டு வந்துகொண்டிருந்தன. அவை இரண்டரை வயதை ஒட்டி வரும் என்று எனக்குத் தூக்கத்தில்கூட ஒப்பிக்கத் தெரியும். குழந்தை என் விரலைக் கடித்தாள். அது எனக்கு வேண்டியதுதான்.

மத்தியானம் சின்னப்பொண்ணு கிரச்சுக்கு வந்ததும் கேட்டேன். “செல்விக்கு வயசு எத்தனை?”

அவள் பழக்கூடையைக்கூட இறக்காமல் நின்றாள். “செல்விங்களா? செல்வி செத்து மூணு மழ போயிருச்சுங்களே டீச்சர்.”

“அப்போ இது யாரு?”

“இது குப்பாயிங்க. மொதப் புள்ள தக்கலீங்க. அதனால இதைக் குப்பையில போட்டு எடுத்து, குப்பாயின்னு பேரு வெச்சமுங்க. அவ போன மறுவருசம், நம்ம சேர்வராயன் திருழா முடிஞ்ச பத்தாம் நாளு பொறந்தது.”

சேர்வராயன் திருவிழா வைகாசியில் வரும். விரல் விட்டு எண்ணினேன். இரண்டரை வயது முடிந்து ஒரு மாதமோ இரண்டு மாதமோ. இரண்டரை வயதுக் குழந்தை இரண்டரை வயதுக் காரியங்களைச் செய்திருக்கிறாள். தன்னுடையது அல்லாத பெயருக்குத் திரும்பவில்லை. அதைத்தான் நான் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன்.

“ஏம்மா, அன்னைக்கு ஆபீசுல சொல்லியிருக்கக் கூடாதா?” என்று அவள்மேல் பாய்ந்தேன். வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

“வயசு யாருங்க டீச்சர் கேட்டாங்க? அறிவு கம்மின்னு சொன்னீங்க. படிச்சவங்க பாத்துச் சொல்றீங்கன்னு இருந்துட்டனுங்க.”

உண்மைதான். யாரும் கேட்கவில்லை. பேரேட்டில் இருக்கும்போது தாயிடம் எதற்குக் கேட்பது?

நேராக ஆபீசுக்குப் போனேன். பொன்னுரங்கம் பேரேட்டைத் திறந்து, செல்வி என்ற வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்தார். மூத்தது எட்டு மாதத்தில் வீட்டில் காய்ச்சல் கண்டு இறந்திருக்கிறது. கிரச் குழந்தை இறந்தால் மேலிடத்துக்கு அறிக்கை போக வேண்டும், விசாரணைக்கு ஆள் வரும். யாரும் அறிக்கை எழுதவில்லை. வரியில் ‘வரவில்லை’, ‘வரவில்லை’ என்றே குறித்து வந்திருக்கிறார்கள். ஒரு வருஷம் கழித்துச் சின்னப்பொண்ணு இடுப்பில் குழந்தையோடு வந்ததும் அதே வரியில் ‘வந்தது’ என்று போட்டுவிட்டார்கள். அப்படிப் போட்டவர் பொன்னுரங்கம். இதை அவர் ஒளிக்கவும் இல்லை. இன்னின்ன வருஷம் மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

“அப்போ திருத்திடலாமே” என்றேன்.

“மூணு வருசங் கழிச்சு ஒரு சாவைக் கண்டுபுடிச்சோம்னு எழுதச் சொல்றீங்களா மேடம்? ரெக்கார்டைத் திருத்த முடியாதுங்க. வேணும்னா கொழந்தையத் திருத்துங்க.”

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். நான் மறுபடி ஒரு சோதனை செய்ய வேண்டும். நான் கொடுத்த விசேஷப் பயிற்சியால் குழந்தை நன்றாகத் தேறிவிட்டாள், விடுதி தேவையில்லை என்று எழுத வேண்டும். ஜீப் நின்றுவிடும். “உங்களுக்கும் நல்ல பேரு, புள்ளையும் ஆத்தா கூடவே இருக்கும். இல்லீன்னா திங்கக்கெழம ஜீப்பு போகுமுங்க” என்றார். குரல் ஏறவே இல்லை.

எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய சுத்தப் பொய் அந்தத் தாள்தான். நாலு வாரத்தில் ஒன்றரை வருஷ வளர்ச்சி. படித்த எவளாவது அதை வாசித்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். தலைமை ஆபீசில் படித்தவர்கள் சிரிக்கவில்லை, சுற்றறிக்கை விட்டார்கள். அவர்களுடைய மற்ற எஸ்டேட்டுகளிலும் என் ‘முறை’யைப் பின்பற்ற வேண்டுமாம். என்னை எல்லாக் கிரச்சுக்கும் தலைமை மேற்பார்வையாளராக்கினார்கள், ஜீப்பும் கொடுத்தார்கள். ஆயாக்களைக் கூட்டி வைத்து, இல்லாத முறைக்கு நான் பயிற்சி கொடுத்தேன். ஒருத்தி எழுந்து, “ஒரு நாளைக்கு எத்தன வாட்டிங்க டீச்சர் கட்டை அடுக்க வெக்கோணும்?” என்று கேட்டாள். மூன்று தடவை என்றேன். ஏன் மூன்று என்று அந்த முருகனுக்கே தெரியாது. அதையும் குறித்துக்கொண்டார்கள். என் படிப்புக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு இப்படித்தான் கிடைத்தது. அந்தக் கோயமுத்தூர்ப் பெண் இதைப் பட்டியலில் எந்த இடத்தில் போடுவாள்?

குழந்தை அம்மாவோடு இருந்தாள். அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். பேரேட்டில் அந்த வரி அப்படியேதான் இருந்தது. அதுவும் வருஷா வருஷம் வளரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு ஜூன் மாதம் பேரேட்டைப் பார்த்துப் பள்ளிக்கூடத்துக்குப் பெயர்கள் போயின. செல்விக்கு ஐந்து முடிந்து ஆறு மாதம். குப்பாயிக்கு நாலு முடிந்து சில நாள். முதல் வகுப்பில் உட்கார வைத்தார்கள். நான் அப்போது ஜீப்பில் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய் மூன்று தடவை கட்டை அடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த மாசி மாதம் வேறு காரியமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது தலைமையாசிரியர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க மேடம், நீங்க தேத்திவுட்டதாச் சொல்ற புள்ளைங்களா இது? ஒரு எழுத்து ஏறலீங்க. சுத்த மக்கு. மத்ததுங்களும் மக்கு மக்குன்னே கூப்புடுதுங்க.”

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் குழந்தையின் தோளுக்குத்தான் இருந்தாள். சிலேட்டில் கோடுகளாக இழுத்து வைத்திருந்தாள். அவள் வயதுக்கு அது அழகான கோடு. “குப்பாயி” என்றேன். சட்டென்று திரும்பினாள். மக்கு என்ற பெயரிலிருந்து அவளைக் காப்பாற்றியதாகத்தான் நான் அத்தனை நாளும் நிம்மதியாகத் தூங்கியிருந்தேன். அதே பெயரை நானே பள்ளிக்கூடம்வரை கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். தலைமையாசிரியர் டீ சாப்பிடச் சொன்னார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அன்றே பொன்னுரங்கத்தின் மேசையிலிருந்து பேரேட்டைக் கேட்காமல் எடுத்தேன்.

“எழுதினா உங்க ரிப்போர்ட்டும் பொய்னு ஆயிருமுங்க மேடம். யோசிச்சீங்களா?” என்றார்.

“பொய்தானேங்க சார்” என்றேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், அதில் ருசியாக ஒன்றுமில்லை. விசாரணைக்கு ஆள் வந்தது. பொன்னுரங்கம், மேற்பார்வையாளரின் அறிக்கையை நம்பியதாக எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடித்தார். எனக்கு மெமோ வந்தது, ஜீப் போயிற்று, தலைமைப் பதவி போயிற்று. தொண்ணூறுகளில் எஸ்டேட் கைமாறி என்னை வீட்டுக்கு அனுப்பும்வரை அதே கிரச்சில் அதே சம்பளத்தில் இருந்தேன். குப்பாயி அடுத்த ஜூனில் தன் பெயரில், தன் வயதில், மறுபடி முதல் வகுப்பில் உட்கார்ந்தாள்.

நான் பேரேட்டை எடுத்த அன்று சாயங்காலத்துக்கு வருகிறேன். சின்னப்பொண்ணு வேலை முடிந்து வந்ததும் கிரச் வாசலில் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். ஒரு வரி இருந்த இடத்தில் இரண்டு வரி எழுத வேண்டும், மூத்தவள் இறந்த நாள் வேண்டும் என்றேன்.

“ஆடி போயி ஆவணி பொறந்து ஒரு வாரமுங்க” என்றாள். சொல்லிவிட்டு, “எழுதிட்டீங்கன்னா அப்பறம் அவளக் கூப்புட மாட்டாங்களா டீச்சர்?” என்று கேட்டாள்.

“யாரை?”

“செல்வியத்தானுங்க. குப்பாயி இங்க வந்துட்டிருந்தப்ப காலைல நீங்க பேரு கூப்புடுவீங்கல்ல, அவ பேரு வர வரைக்கும் வேலியோரம் நின்னுட்டுத்தானுங்க மலைக்குப் போவேன். எங்கூட்டுலயே அவளப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. இந்த நோட்டுல மட்டுந்தான் அவ இருந்தா.”

மூன்றாவது தடவையாக நான் அவளிடம் கேட்காமலே முடிவெடுத்திருந்தேன். அழுகை வந்தது. அதிலும் என்மேல்தான் ஆத்திரம்.

“வேண்டாம்னா சொல்லும்மா. எழுதலை” என்றேன்.

அவள் பேரேட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். “இல்லீங்க. இருக்கறவ மக்குன்னு பேரு வாங்கப்புடாது. எழுதுங்க.”

மேல் வரியில் செல்வி என்ற பெயரை அடிக்காமல், பிறந்த மாதத்தையும் இறந்த மாதத்தையும் எழுதினேன். கீழே புது வரியில் குப்பாயி, பிறந்த நாள், தாய் பெயர். அவளுக்குப் படிக்கத் தெரியாது. இரண்டு வரியையும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டு எழுந்தாள். கூடையை எடுத்தவள் மறுபடி கீழே வைத்தாள்.

“மேல இருக்கறத மட்டும் இன்னொருக்காப் படிங்க டீச்சர்” என்றாள்.

படித்தேன்.